உச்சிக்குப் போனது யார்?

'சஃபாரி' என்றதும் நமக்குத் திறந்த ஜீப், வட்டத் தொப்பி, தூரத்தில் படுத்திருக்கும் சிங்கம் எல்லாம் கண்ணில் வரும். ஆனால், சுவாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'பயணம்' என்றுதான் அர்த்தம். டான்சானியாவில் பஸ் ஏறிச் சொந்த ஊருக்குப் போகிறவரையும் 'நல்ல சஃபாரி' என்று வாழ்த்தித்தான் அனுப்புவார்கள். அதைச் சாகசமாக மாற்றியவர்கள் வெளியிலிருந்து போனவர்கள்.

ஒரே பாதை. ஒருவருக்கு அது பிழைப்பு, இன்னொருவருக்கு சாகசம். எப்படி?

ஆப்பிரிக்காவின் உயரமான மலை கிளிமஞ்சாரோ, 5,895 மீட்டர். கயிறு கட்டித் தொங்காமல் நடந்தே ஏறக்கூடிய பாதைகள் இருப்பதால் நம் ஊர்க்காரர்களும் போகிறார்கள். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. கூடவே சுமை தூக்குகிற போர்ட்டர்கள். கூடாரம், அரிசி, கேஸ், நாற்காலி எல்லாம் அவர்கள் தலையில். காலையில் நாம் கிளம்பிய பிறகு கூடாரத்தைப் பிரித்துக் கட்டிக்கொண்டு, வழியிலேயே நம்மைத் தாண்டிப் போய், நாம் வந்து சேர்வதற்குள் அடுத்த முகாமில் வெந்நீர் போட்டு வைத்திருப்பார்கள். உச்சிக்கு ஏறும் ராத்திரி மட்டும் பெரும்பாலும் கீழ் முகாமிலேயே இருந்துவிடுவார்கள். இறங்கி வந்ததும் நமக்குச் சான்றிதழ். அவர்களுக்கு அடுத்த குழுவின் மூட்டை.

1889-ல் முதன்முதலில் உச்சியைத் தொட்டவர்கள் என்று ஹான்ஸ் மேயர், லுட்விக் புர்ட்ஷெல்லர் என்ற இரண்டு பேரைப் புத்தகங்கள் சொல்லும். மேல் முகாமின் குளிரில் அவர்களோடு கிடந்து சமைத்துப் போட்ட முவினி அமானி என்பவரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதில் நமக்கும் ஒரு பழைய பந்தம் உண்டு. கென்யாவில் ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து சுமார் 32,000 தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். சுமார் 2,500 பேர் அந்த வேலையில் உயிரிழந்தார்கள். 1898-ல் சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது இரண்டு சிங்கங்கள் கூடாரத்துக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப் போயின. செத்த இந்தியத் தொழிலாளர்கள் 28 பேர் என்று, சிங்கங்களைச் சுட்ட பாட்டர்சன் எழுதினார். அவர் புத்தகம் உலகப் புகழ் பெற்றது. அந்தச் சிங்கங்கள் பாடம் பண்ணப்பட்டு சிகாகோ அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. துப்பாக்கியோடு மரத்தில் உட்கார்ந்திருந்தவர் சாகசக்காரர். வெறுங்கையோடு கூடாரத்தில் படுத்திருந்தவர் 'கூலி'.

"அதான் சம்பளம் கொடுத்தாச்சே, இன்னும் என்ன சார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாம் போகாவிட்டால் அவர் வீட்டு அடுப்பு எரியாது என்பதும் உண்மை. ஆகவே போவது பாவம் இல்லை. ஆனால், கூலி கொடுத்ததும் கணக்கு முடிந்துவிடுகிறதா?

காமர்ஸ் வகுப்பில் முதல் பாடமே, ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே சமமாக ஒரு வரவு இருக்க வேண்டும் என்பதுதான். நம் பயணக் கதைகள் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிய பேரேடு. கொடுத்த பணத்துக்கு நாம் வாங்கியது அவருடைய உழைப்பை. 'நானே ஏறினேன்' என்று அவரைக் கதையிலிருந்து அழிக்கிற உரிமை அந்த பில்லில் சேர்த்தி இல்லை. அதை இலவசமாக எடுத்துக்கொள்கிறோம்.

தானாக விரும்பி ஆபத்துக்குள் போவதுதான் வீரம், பிழைப்புக்காகப் போவது வீரமாகாது என்று சிலர் வாதிடுவார்கள். பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸுக்காக அதே மலையில் மறுபடி மறுபடி ஏறுகிறவரும் யோசித்து முடிவு செய்துதானே ஏறுகிறார்? அவருக்கு இருந்த வழிகள் குறைவு. அதனால் அவர் துணிச்சல் குறைந்துவிடுமா?

இதற்காக ஆப்பிரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தில் காரை நிறுத்தி, உப்பளத்தை போட்டோ எடுக்கிறோம். வெயிலில் பத்து நிமிஷம் நின்றதையே பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பாத்திகளில் நாள் முழுக்க உப்பு வாரி, கூடையில் சுமக்கிற பெண்கள் நம் போட்டோவில் வெறும் பின்னணி.

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில், கொஞ்சம் உள்ளே தள்ளி இரும்பை. சம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். அங்கே ஒரு கதை சொல்வார்கள். திருவிழாவில் வள்ளி என்ற நாட்டியக்காரி ஆடும்போது கால் சலங்கை கழன்று விழுந்தது. ஆட்டம் நின்றுவிடக் கூடாதே என்று கடுவெளிச் சித்தர் குனிந்து, அதை எடுத்துக் கட்டிவிட்டார். கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது. சித்தர் மனம் நொந்து பாட, சிவலிங்கம் மூன்றாக வெடித்ததாம். செப்புத் தகடு போட்டு ஒட்டவைத்த லிங்கம் என்று இன்றும் காட்டுகிறார்கள்.

கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால், ஆட்டத்தை ரசித்த கூட்டத்துக்கு, அது நிற்காமல் நடக்கக் குனிந்தவர் கேலிப்பொருளாகத்தான் தெரிந்தார்.

மலைக்குப் போங்கள். மூட்டையை எடை போட்டார்களா, கூலி அவர் கைக்கே போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஊர் திரும்பிக் கதை சொல்லும்போது அவர் பெயரையும் சொல்லுங்கள். யாராவது உங்களிடம் உச்சி போட்டோவைக் காட்டினால் பாராட்டிவிட்டு, "கூட யாரெல்லாம் வந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.