மந்திரவாதி மாண்ட்ரேக்கும் மேடைமேல் நின்ற நானும்



சென்ற மே மாதம் கடலூர் முதுநகரில் நடந்த விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு பையன் என்னைக் கேள்வி கேட்டான். பத்து வயசு இருக்கும். கானாவூர் கல்யாண வீட்டில் தண்ணீர் திராட்சரசமான சம்பவத்தை நான் சொல்லி முடித்ததும் கை தூக்கினான்.

"பாஸ்டர், மாண்ட்ரேக் கையை அசைச்சா துப்பாக்கி பூவாயிடுது. இயேசப்பா சொன்னா தண்ணி ரசமாயிடுது. ரெண்டு பேருக்கும் என்ன பாஸ்டர் வித்தியாசம்?"

பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வகுப்பு எடுக்கும் சகோதரி, "டேய், உட்காருடா" என்று அதட்டினார்கள். விசாரித்தால், அவன் மாமா சின்ன வயசில் சேர்த்து வைத்த பழைய முத்து காமிக்ஸ் புத்தகங்கள் பரண்மேல் இருந்ததாம். பாட்டி வீட்டுக்குப் போனபோது எடுத்துப் படித்திருக்கிறான்.

"தம்பி, அது கட்டுக்கதை, இது சத்தியம்" என்று சொல்லி உட்கார வைத்தேன். பதில் சரிதான். ஆனால் அவன் அதைக் கேட்கவில்லை. கதையா நிஜமா என்று அவனுக்கே தெரியும். அந்த வல்லமைக்கும் இந்த வல்லமைக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் கேட்டான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரியமானவர்களே, அதற்குக் காரணம் உண்டு. கடைசியில் சொல்லுகிறேன்.

மாண்ட்ரேக்கும் என் பதினோராவது வயசும்

நானும் அந்தப் புத்தகங்களைப் படித்தவன்தான். 1991-இல் எனக்குப் பதினோரு வயசு. நாங்கள் சிதம்பரத்தில் ரயிலடிப் பக்கம் குடியிருந்தோம். பிளாட்பாரத்தில் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்கிறவரிடம் காமிக்ஸ் வாங்குவேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வார். இரும்புக்கை மாயாவி, வேதாளர், மாண்ட்ரேக் என்று எல்லாரும் எனக்குச் சிநேகிதர்கள். சிவகாசியில் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் இந்தப் பெயர்களைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் வாயில் வைத்தது. அதற்கு முன்பே, 1964 முதல், பம்பாயிலிருந்து இந்திரஜால் காமிக்ஸ் வந்துகொண்டிருந்தது.

மாண்ட்ரேக்கைப் படைத்தவர் லீ ஃபாக் என்ற அமெரிக்கர். 1934-இல் செய்தித்தாள் படக்கதையாகத் தொடங்கி, 2013 வரை அது ஓடியது. பழங்காலத்து மந்திரவாதி எப்படி இருப்பான்? நீண்ட தாடி, அங்கி, கையில் கோல். ஆர்தர் ராஜாவின் அரண்மனையில் இருந்ததாக இங்கிலாந்துக்காரர்கள் சொல்லும் மெர்லின் அப்படிப்பட்டவன்தான். 12-ஆம் நூற்றாண்டிலேயே புத்தகத்தில் ஏறிவிட்டவன். நம்முடைய ஊர்க் கதைகளிலும் மந்திரவாதிக்குப் பஞ்சமில்லை. ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்திருப்பான். லீ ஃபாக் அந்தத் தாடியை எடுத்துவிட்டு, மெல்லிய மீசை, உயரத் தொப்பி, கோட்டு, மேலங்கி என்று மாட்டி நகரத்துக்கு அனுப்பினார். ராஜாவின் அரண்மனையிலும் காட்டுக் குகையிலும் இருந்த மந்திரவாதி, திருடர்களைப் பிடிக்கிற கதாநாயகன் ஆகிவிட்டான். காமிக்ஸில் வந்த முதல் சூப்பர் ஹீரோ மாண்ட்ரேக்தான் என்று சொல்லுகிறவர்களும் உண்டு.

அதற்குப் பிறகு மந்திரவாதிகள் வரிசையாக வந்தார்கள். 1940-இல் வெளிவந்த ஒரு கதையில், தெருவில் பேப்பர் விற்கும் அநாதைப் பையனை ஒரு கிழட்டு மந்திரவாதி சுரங்கப்பாதைக்குள் வரவழைத்து, தன் பெயரைச் சொல்லச் சொல்லுகிறார். "ஷஸாம்" என்றதும் மின்னல் இறங்கிப் பையன் மகா பலசாலி ஆகிவிடுகிறான். 1972-இல் வந்த இன்னொரு தொடரில் அந்த மெர்லினே வருகிறான். ஒரு பிசாசை ஒரு மனுஷனோடு கட்டிவைக்கிறான். அந்தப் பிசாசுதான் கதாநாயகன்! இன்றைய பிள்ளைகளுக்கு டாக்டர் ஸ்ட்ரேஞ்ச். விபத்தில் கை பாழாகிப்போன சர்ஜன், கை குணமாக வேண்டும் என்று தேடிப்போய் மந்திரவாதியாகத் திரும்பி வருகிறான். 1963-இல் காமிக்ஸில் பிறந்தவனை இப்போது சினிமாவில் பார்க்கிறார்கள்.

இதில் நல்லது ஒன்றும் இல்லையா என்றால், உண்டு. நியாயமாகச் சொல்லவேண்டும். பழைய மந்திரவாதி பொன்னுக்கும் ராஜகுமாரிக்கும் ஆசைப்பட்டுத்தான் மந்திரம் போட்டான். காமிக்ஸ்காரர்கள் அவனுக்கு ஒரு கட்டளை வைத்தார்கள்: உனக்குப் பலம் இருந்தால் பலவீனனுக்காக நில். மாண்ட்ரேக்குக்கு டெரெக் என்று ஒரு இரட்டைச் சகோதரன் உண்டு. அதே முகம், அதே வித்தை. ஒருவன் காப்பாற்றுகிறான், மற்றவன் கெடுக்கிறான். வல்லமை இருப்பதினால் ஒருவன் நல்லவன் ஆகிவிடுவதில்லை என்பதைச் சிதம்பரத்துச் சிறுவனாகிய எனக்கு முதலில் சொன்னது ஞாயிறு பள்ளி அல்ல, அந்தப் பழைய புத்தகம்தான்.

இரட்சிக்கப்பட்ட புதிதில் என் அத்தை அந்தப் புத்தகங்களையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டார்கள். நான் அழுதேன். அத்தையை நான் குறை சொல்லவில்லை, என்மேல் இருந்த பாரத்தினால் செய்தார்கள். எபேசுவில் மாயவித்தைப் புஸ்தகங்களைச் சுட்டெரித்தார்களே (அப். 19:19) என்பார்கள். உண்மைதான். ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறுமானம். ஆனால் அவர்கள் எரித்தது யாருடைய புஸ்தகம்? தங்களுடையதை. தங்கள் பிழைப்பை, தங்கள் பெருமையைக் கொண்டுவந்து தாங்களே தீயில் போட்டார்கள். பையனுடைய காமிக்ஸை எரிப்பது சுலபம். எனக்குள் இருக்கிற மந்திரவாதியை எரிப்பதுதான் கஷ்டம்.

தூதாயீம் கனிகள்

மாண்ட்ரேக் என்பது ஒரு செடியின் பெயர். அதன் வேர் மனுஷ உருவத்தில் இருக்கும். அதைப் பிடுங்கினால் அலறும் என்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பயந்தார்கள், மந்திரத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். அந்தச் செடி நம்முடைய வேதத்திலேயே இருக்கிறது. ஆதியாகமம் 30-ஆம் அதிகாரத்தில் ரூபன் வயலிலிருந்து கொண்டுவந்த தூதாயீம் கனிகள், ஆங்கில வேதத்தில் மாண்ட்ரேக் என்றுதான் இருக்கிறது. பைபிள் காலேஜில் டிப்ளமோ படிக்கும்போது இதைக் கண்டுபிடித்து நான் ஆச்சரியப்பட்டேன்.

பிள்ளையில்லாத ராகேல் அந்தக் கனிகளுக்காகத் தன் அக்காளோடு பேரம் பேசுகிறாள். கனி கைக்கு வந்துவிட்டது. பிறகு நடந்ததைக் கவனியுங்கள். கனியை விட்டுக்கொடுத்த லேயாளுக்கு இரண்டு குமாரர்களும் ஒரு குமாரத்தியும் பிறந்தார்கள். கனியை வாங்கி வைத்துக்கொண்ட ராகேல் மலடியாகவே இருந்தாள். பிறகு தேவன் அவளை நினைத்தருளினார், யோசேப்பு பிறந்தான். கையில் பிடித்திருந்த வேர் ஒன்றும் செய்யவில்லை. நினைத்தருளினவர் செய்தார். அந்தப் பையனுடைய கேள்விக்குப் பாதி பதில் இங்கே இருக்கிறது. மந்திரம் என்பது நான் கையில் பிடித்திருப்பது, எனக்கு வேண்டும்போது வேலை செய்யவேண்டும் என்று நான் நினைப்பது. கிருபையை யாரும் கையில் பிடிக்க முடியாது. அதைக் கேட்கத்தான் முடியும்.

சமாரியாவிலிருந்த சீமோன் இதைத்தான் விளங்கிக்கொள்ளவில்லை (அப். 8:9-24). அவன் அந்த ஊரையே பிரமிக்கப் பண்ணினவன். விசுவாசித்தான், ஞானஸ்நானமும் எடுத்தான். அதற்குப் பிறகுதான் பணத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறான். எதற்கு? தான் பரிசுத்த ஆவியைப் பெறுவதற்காக அல்ல. தான் யார்மேல் கை வைத்தாலும் அவர்கள் பெறவேண்டுமாம்! அந்தக் கை தன் கையாக இருக்கவேண்டுமாம். அவன் ரோமாபுரியில் ஜனங்களுக்கு முன்பாக ஆகாயத்தில் பறந்து விழுந்ததாகப் பிற்காலத்தில் கதை கட்டினார்கள். அது வேதத்தில் இல்லை. வேதம் அவனை, எனக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று கேட்கிற இடத்தில் விட்டுவிடுகிறது. நல்ல இடம்.

லீஸ்திராவையும் பாருங்கள் (அப். 14). முடவன் எழுந்து நடந்ததும் ஜனங்கள் பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் சொல்லி, மாலையும் எருதும் கொண்டுவந்துவிட்டார்கள். ஷஸாம் என்ற பெயரின் ஆறு ஆங்கில எழுத்துக்களில் நாலாவது எழுத்து அதே யூப்பித்தரின் கிரேக்கப் பெயரான ஸீயஸ். கடைசி எழுத்து அதே மெர்க்கூரி. பவுலுக்கு அன்றைக்கே சூப்பர் ஹீரோ சட்டையைத் தைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்! அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார்கள்.

நான் கிழிக்காத சட்டை

இப்போது என் காரியத்துக்கு வருகிறேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் சபைக்கு முன்பாகச் சொல்லவேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்பு சிதம்பரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மூன்று நாள் உபவாசக் கூட்டம். எனக்கு வாரநாளில் மண்டியில் கணக்கு எழுதுகிற வேலை. மேடை, மைக், பந்தல் நிறைய ஜனங்கள் என்பதெல்லாம் எனக்குப் புதுசு. இரண்டாம் நாள் ராத்திரி ஒரு தாயார் ஆறு வயசுப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலிப்பு நோய். கை வைத்து ஜெபித்தேன். பிள்ளை அமைதியாகத் தூங்கிவிட்டது. ஜனங்கள் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தார்கள். அந்தச் சத்தம் என் தலைக்குள் போய்விட்டது. மைக்கில் சொல்லிவிட்டேன்: "அம்மா, இன்றோடு விடுதலை. இனி மாத்திரை வேண்டாம்!"

கர்த்தர் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொல்லவில்லை என்று அந்த நேரத்திலேயே எனக்குத் தெரியும். ஜனங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்காகச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் ராத்திரி போன் வந்தது. பிள்ளைக்கு வலிப்பு வந்து நிற்கவே இல்லையாம். கடைசி பஸ் போய்விட்டது. ஒரு சகோதரனுடைய பைக்கில் ஏறிக் கடலூரிலிருந்து போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "இந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் ஆகும், உயிருக்கே ஆபத்து. யார் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார்கள். நான் வாய் திறக்குமுன் அந்தத் தாயார் என்னைப் பார்த்தார்கள். திட்டவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் நிறுத்தினேன், பாஸ்டர்" என்றார்கள். அவ்வளவுதான்.

கர்த்தருடைய சுத்த கிருபை, பிள்ளை பிழைத்துக்கொண்டாள். மாத்திரை திரும்பவும் தொடங்கினார்கள். இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிறாள், மாத்திரையும் போடுகிறாள், நாங்கள் ஜெபிக்கிறதையும் விடவில்லை. அந்தத் தாயாரிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கிராமத்து சபையிலும் எழுந்து நின்று சொன்னேன்.

மாண்ட்ரேக் கையை அசைத்தால் துப்பாக்கி பூவாகிவிடும் என்றான் பையன். கதையை ஊன்றிப் படித்தால், துப்பாக்கி பூ ஆகவே ஆகாது. எதிரிக்கு அப்படித் தெரியும், அவ்வளவுதான். அது கண்கட்டு. மயக்கம் தெளிந்தால் துப்பாக்கி துப்பாக்கியாகவே இருக்கும். அன்று மேடைமேல் நான் செய்ததும் அதுதான். பந்தலில் இருந்த எல்லார் கண்ணுக்கும் வியாதியைப் பூவாக்கிக் காட்டிவிட்டேன். கூட்டம் கலைந்தது, பந்தல் பிரித்தாயிற்று, வியாதி அந்தப் பிள்ளையோடு வீட்டுக்குப் போயிற்று.

தேவன் இன்றும் சுகமாக்குகிறார் என்று நான் விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பத்துக் குஷ்டரோகிகளையும் இயேசு ஆசாரியர்களிடத்தில் காண்பிக்கத்தான் அனுப்பினார். பரீட்சைக்குப் பயப்படுகிற அற்புதத்தை அவர் செய்யவில்லை. மெய்யாய்ச் சுகமானது டாக்டருடைய பரிசோதனையிலும் நிற்கும். ஆகையால் சபையாரே, யாராவது, நானே ஆனாலும், ஜெபித்துவிட்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னால், தயவுசெய்து கேட்காதேயுங்கள். டாக்டரிடம் போய்க் கேளுங்கள். அது அவிசுவாசம் அல்ல.

போன மாதம் அந்தப் பையனைத் தேடி முதுநகர் போனேன். வீட்டு வாசலில் உட்கார்ந்து கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தான். "தம்பி, அன்னிக்கு நான் சரியா பதில் சொல்லலை" என்றேன். இயேசு தமக்குப் பசித்தபோது கல்லை அப்பமாக்கவில்லை, மற்றவர்களுக்குப் பசித்தபோது அப்பத்தைப் பெருகப்பண்ணினார், சிலுவையிலிருந்து இறங்கிவரச் சொல்லி ஜனங்கள் கேலி பண்ணினபோது இறங்கவில்லை என்று சொன்னேன். அவன் கொஞ்சநேரம் யோசித்தான்.

"மாண்ட்ரேக்கா இருந்தா இறங்கியிருப்பாரு, பாஸ்டர்."

"ஆமாம்பா. நானா இருந்தாலும் இறங்கியிருப்பேன்" என்றேன்.

அன்பான தேவபிள்ளைகளே, நம்முடைய சபைக்கு மாண்ட்ரேக் வேண்டாம். மேடையில் நிற்கிறவனை மாண்ட்ரேக்காகப் பார்க்காதிருங்கள். அப்படிப் பார்த்தால் அவனும் கெடுவான், உங்கள் பிள்ளையும் கஷ்டப்படும். வெறுங்கையோடு நிற்கிற ஊழியக்காரர்களைக் கர்த்தர் எழுப்பும்படி ஜெபியுங்கள். சமாரியாவின் சீமோன் கேட்டதைப்போலவே நானும் கேட்கிறேன்: எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.