நோன்பும் பட்டினியும்

உண்ணாமை இரு வகைப்படும். உணவு இருந்தும் உண்ணாதிருத்தல் ஒன்று. உணவு இன்மையால் உண்ணாதிருத்தல் மற்றொன்று. முன்னதை நோன்பு என்று போற்றுகிறோம். பின்னதைப் பட்டினி என்று கண்டு இரங்குகிறோம். இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் நம் உடலுக்கு உண்டா? இல்லையெனில், இவற்றிடையே நாம் காணும் வேற்றுமை எங்கே இருக்கிறது? தசலட்சணப் பருவத்தில் உபவாசம் ஏற்கும் இல்லங்களில் இவ்வினா எழுதல் நன்று. விடை காணுமுன், உடலுக்குள் நிகழ்வதைச் சற்றே அறிந்துகொள்வோம்.

நம் தசை, குருதி, தோல், செரிமான நீர்கள் ஆகிய யாவற்றிலும் புரதம் உள்ளது. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊராகப் போற்றப்படும் சீனாபுரம் நம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. எழுத்துகள் சில, அவற்றால் அமையும் சொற்களோ பல என்பதை அந்நூலின் துணைகொண்டு மாணவர்க்குக் கற்பித்து வந்தோம். உடலின் இலக்கணமும் அத்தகையதே. 20 அமினோ அமிலங்களே பல்லாயிரம் புரதங்களாக அமைகின்றன. இவற்றுள் சிலவற்றை உடல் தானே பிறவற்றிலிருந்து ஆக்கிக்கொள்ளும். 9 அமிலங்களை அவ்வாறு ஆக்க இயலாது. அவை உணவின் வழியே வந்தாக வேண்டும். அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு; அக்குறையை அரிசி ஈடுசெய்யும். நம் கொங்கு நாட்டு அடுக்களையில் அரிசியும் பருப்பும் ஒரே பாத்திரத்தில் வேகும் வழக்கம், வேதியியல் அறியாமலே நம் பாட்டிமார் கண்ட நல்வழியாகும்.

இனி, ஒரு வியப்பு. மாவுச்சத்தைக் கல்லீரலும் தசையும் சிறிதளவு சேமித்து வைக்கும். கொழுப்பை உடல் பெருமளவு சேமிக்கும். அமினோ அமிலத்திற்கெனத் தனிக் களஞ்சியம் ஏதும் இல்லை. வளர்ந்த ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 முதல் 300 கிராம் வரை புரதம் சிதைந்து மீண்டும் கட்டப்படுகிறது. பழைய வீட்டைப் பிரித்த செங்கல்லைக் கொண்டே புதுச்சுவர் எழுப்புவதைப் போன்றது இது. தேவைக்கு மேல் வந்த அமிலம் உடைக்கப்படும். அதிலுள்ள நைட்ரஜன் பிரிந்து அமோனியா ஆகும். அமோனியா நஞ்சு. கல்லீரல் அதனை யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் வெளியேற்றும். இம்மாற்றம் ஒரு சுழற்சியாக நிகழ்வதை 1932-ஆம் ஆண்டில் கிரெப்ஸ், ஹென்செலைட் என்னும் இருவர் கண்டறிந்தனர். நைட்ரஜன் நீங்கிய எஞ்சிய பகுதி சர்க்கரையாகவோ கொழுப்பாகவோ மாறும். அல்லது எரிந்து ஆற்றலாகும்.

உணவே வாராதபோது என்ன நிகழும்? கல்லீரலில் உள்ள சேமிப்புச் சர்க்கரை ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். மூளைக்கோ நாளொன்றுக்கு 120 கிராம் அளவில் குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பில் உள்ள கொழுப்பு அமிலங்களைக் குளுக்கோஸாக மாற்றும் வழி நம் உடலில் இல்லை. ஆகவே தசைப் புரதம் உடைபட்டு, அதன் அமினோ அமிலங்கள் கல்லீரலுக்குச் சென்று குளுக்கோஸாக மாறுகின்றன. விறகு தீர்ந்த வீட்டில் உத்தரத்தை உருவி அடுப்பெரிப்பதை ஒத்தது இது.

இந்நிலை நீடித்தால் வீடு விரைவில் இடிந்துவிடும். அங்கேதான் உடல் மற்றொரு வழியைத் திறக்கிறது. அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் கேஹிலும் ஆலிவர் ஓவனும் பிறரும், பல வாரங்கள் உண்ணாதிருந்த தன்னார்வலர்களை ஆராய்ந்து 1967-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். நாட்கள் செல்லச் செல்ல, கொழுப்பிலிருந்து பிறக்கும் கீட்டோன் என்னும் பொருள்களை மூளை தன் எரிபொருளாக ஏற்றுக்கொள்கிறது என்பதே அது. தொடக்க நாட்களில் நாளொன்றுக்கு 75 கிராம் அளவில் உடைபட்ட தசைப் புரதம், சில வாரங்களில் 20 கிராம் அளவிற்குக் குறைந்துவிடுகிறது. செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றத்தில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாட்கள் அனசனம் நோற்று வீடுபேறு நாடியதைக் கூறும் நிசீதிகைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. நம் விஜயமங்கலத்தில் சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பையின் நிசீதிகையும் உண்டு. அத்துணை நெடுநாள் உயிர் தங்கியது எவ்வாறு என்பதை உடலியல் இன்று ஓரளவு விளக்குகிறது. அவர்தம் உள்ளம் நின்ற நிலையை அது விளக்காது.

இங்கே நம் வினாவிற்கு முதல் விடை கிடைக்கிறது. உடல் நோன்பையும் பட்டினியையும் பிரித்தறியாது. துறவியின் தசையும் கூலியற்ற உழவரின் தசையும் ஒரே முறையில்தான் உடைகின்றன. கல்லீரல் நம் நோக்கம் யாதெனக் கேட்பதில்லை.

எனினும் பட்டினியின் கொடுமை அதனுடன் முடிவதில்லை. வளரும் குழந்தையை எண்ணிப் பாருங்கள். அதன் உடலில் புதிய தசையும் எலும்பும் நாள்தோறும் கட்டப்பட வேண்டும். உணவு போதாதபோது, கட்டுவதற்கு வந்த சிறிதளவு புரதத்தையும் உடல் விறகாக எரித்துவிடும். எனவே வெறும் பருப்பு மட்டும் தந்தாலும் போதாது. வயிறு நிறையச் சோறும் வேண்டும். பணிக்காலத்தில் காலை வகுப்பில் கண் சொருகிய பிள்ளைகளைப் பலமுறை கண்டோம். சோம்பல் என்று கடிந்துகொள்ளும் முன், காலையில் என்ன உண்டாய் என்று கேட்குமாறு இளம் ஆசிரியர்களுக்குக் கூறுவது எங்கள் வழக்கமாயிற்று.

வயிறு நிறைந்தும் உடல் வறுமையுறுதல் கூடும். தக்காணத்தில் சோளத்தையே பேருணவாக உண்ட ஏழைகளிடம் பெலக்ரா என்னும் நோய் காணப்பட்டது. தோல் கருத்து வெடிக்கும், வயிறு கெடும், மனமும் கலங்கும். நயாசின் என்னும் வைட்டமின் குறைவே அதன் காரணம். டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்தில் ஏறத்தாழ 60 மில்லிகிராமைக் கொண்டு உடல் ஒரு மில்லிகிராம் நயாசினை ஆக்கிக்கொள்ளும். சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் மற்றோர் அமிலம் இம்மாற்றத்தைக் கெடுக்கிறது என்று, சேலத்தில் பிறந்த ஊட்டவியல் அறிஞர் சி. கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் எடுத்துரைத்தனர். பின்வந்தோர் சிலர் இக்கருத்தில் மாறுபட்டனர். ஆயினும் ஒன்று தெளிவு: அந்த ஏழைகளின் தட்டில் சோளத்திற்குத் துணையாகப் பிறிதொன்றும் போதிய அளவில் இருக்கவில்லை. நம் மானாவாரிக் காடுகளிலும் சோளமும் கம்பும் விளைந்தன. உடன் கொள்ளும் அவரையும் கீரையும் வாய்த்த இல்லத்தில் சோளம் நல்லுணவே. தானியத்தின் மீது குற்றமில்லை. வேறொன்றைத் தேர்ந்துகொள்ள வழியற்ற வாழ்வே குற்றமுடையது.

ஆக, வேற்றுமை உடலில் இல்லை, தேர்வில் இருக்கிறது. நோற்பவர் தாமே மனமுவந்து ஏற்கிறார். பாரணை செய்யும் நாள் அவருக்குத் தெரியும். அவர் செலவிடுவது தம் உடலையே. பட்டினி கிடப்பவருக்குப் பாரணை நாள் இல்லை. அவர் உடலின் செலவை வேறெவரோ முடிவு செய்கிறார்கள். நம் அறநூலோர் பதினாறு பாவனைகளுள் ஒன்றாக ஆற்றலுக்கேற்ற தவத்தை வைத்தனர். ஆற்றலுக்கு ஏற்ப என்னும் அந்த அடைமொழியை நாம் எளிதாகக் கடந்து போகிறோம். ஆற்றலே இல்லாதவர்மீது சுமத்தப்பட்ட உண்ணாமை தவம் ஆகாது. பிள்ளைகளுக்கும், கருவுற்ற தாய்மார்க்கும், பிணியாளர்க்கும் அதனை வற்புறுத்துவதும் அறமன்று. அவ்வாறே, உண்டு நிறைந்தவர் பசித்தவரை நோக்கி அடக்கம் பேசுதலும் அறமன்று.

இதனினும் கடினமான வினா ஒன்று எஞ்சுகிறது. கையால் எவ்வுயிரையும் துன்புறுத்தாதவர், தம் அண்டை வீட்டுக் குழந்தையின் உத்தரம் எரிவதை அறிந்தும் வாளாவிருந்தால், அவர் கொல்லாமை குறைவற்றதாகுமா? குறைவுடையதே என்று நாம் கருதுகிறோம். பசியால் உருகும் தசையும் ஊனே. அதனை உருக்கியவர் இன்னார் என்று சுட்ட இயலாமையால் இம்சை இல்லாமற் போவதில்லை. வாய்மூடி இருந்தோர் அனைவருக்கும் அதில் பங்குண்டு.

இதனை உணர்ந்த அரசும் உண்டு. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் தொடங்கப்பெற்றது. ஆயினும் அரசின் அடுப்பு எரிவதால் நம் கடமை தீர்ந்துவிடாது. நால்வகைத் தானங்களுள் ஆகார தானத்தை நம் முன்னோர் முதலில் வைத்து எண்ணினர்.

அன்பர்களுக்கு ஒன்று கூற விழைகிறோம். அடுத்த உபவாச நாளில் இல்லத்தில் சமைக்காது நின்ற அரிசியையும் பருப்பையும் அளந்து தனியே எடுத்து வையுங்கள். அதனைப் பசித்த ஓர் இல்லத்திற்கு, அவர்தம் தன்மதிப்புக் குன்றாதவாறு, பாரணைக்கு முன்பே சேர்ப்பியுங்கள். அந்நாளில் நம் தசை சிறிது உருகும். பிறிதொரு வீட்டில் ஒரு குழந்தையின் தசை சிறிது வளரும்.