உடல் எனும் அமானிதம்

மனிதன் தனக்கே உரியதென்று உறுதியாகச் சொல்லத்தக்க பொருள் யாது என்று வினவினால், பலர் தம் உடலையே காட்டுவர். வீடு விற்கப்படலாம், செல்வம் கைமாறலாம், உடல் மட்டும் கடைசிவரை நம்முடையது என்பது அவர்கள் எண்ணம். ஆனால் நம் மார்க்கம் அவ்வாறு போதிக்கவில்லை. உடலும் ஓர் அமானிதமே. உரியவன் அல்லாஹ், நாம் சில காலம் அதைப் பாதுகாக்கப் பணிக்கப்பட்டவர்கள். அதனால்தான் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் உரிமை எவருக்கும் அளிக்கப்படவில்லை.

இதனை வாயால் ஒப்புக்கொள்வது எளிது. நாள்தோறும், வேளைதோறும் அதற்குக் கணக்குக் கொடுத்து வாழ்வது கடினம். அப்படி வாழ்வோர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களே முதல் வகை நீரிழிவு உடையவர்கள். அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து நாம் அனைவரும் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அவர்கள் விஷயத்தில் நம் சமூகம் திருத்திக்கொள்ள வேண்டிய தவறும் ஒன்று உண்டு.

இனிப்புநீர் என்றதும் வயது முதிர்ந்தவரும், பருத்த உடலும், அளவின்றி உண்ட பலகாரமும் நம் நினைவுக்கு வருவது வழக்கம். சிங்கப்பூரில் 2016ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்த பின், சீனியைக் குறையுங்கள் என்ற அறிவுரை எங்கும் ஒலிக்கின்றது. நல்ல அறிவுரைதான். ஆனால் அது பெரும்பாலும் இரண்டாம் வகை நீரிழிவைக் கருதிச் சொல்லப்படுவது. முதல் வகையின் வரலாறு வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களைத் தாக்கி அழித்துவிடுகின்றது. பெரும்பாலும் இளம் பருவத்திலேயே தோன்றும் இந்நோய், இனிப்பு தின்றதால் வந்ததன்று. பெற்றோர் வளர்ப்பின் குறையுமன்று. எவர் செய்த பாவத்தின் தண்டனையுமன்று. நோயுற்ற பிள்ளையின் தாயிடம், "என்ன கொடுத்து வளர்த்தீர்கள்?" என்று கேட்போர் இதனை அறிந்துகொள்ள வேண்டும்.

நூறாண்டுகளுக்கு முன் இந்நோய் கண்ட பிள்ளை பிழைப்பதில்லை. உணவைக் குறைத்து, பட்டினி போட்டு, மரணத்தைச் சில மாதங்கள் தள்ளிவைப்பதே வைத்தியர்களால் இயன்றது. 1921ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகிய இருவர் மக்லியாடின் ஆய்வுக்கூடத்தில் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர்; காலிப் என்பார் அதனைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. சாவின் விளிம்பில் நின்ற அவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்திற்கு ஆளுக்கு ஒரு டாலர் விலைக்கு அளித்தனர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

அக்காலத்தில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இம்மருந்து எடுக்கப்பட்டது. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்ற விதியை எடுத்துக்காட்டி ஆலிம்கள் பதில் கூறினர். 1982ஆம் ஆண்டு முதல், நுண்ணுயிர்களைக் கொண்டு உருவாக்கப்படும் மனித இன்சுலின் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆகவே அந்தத் தயக்கத்திற்கும் இன்று பெரும்பாலும் இடமில்லை.

இனி இவர்களுடைய ஒரு நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் உடலில் கணையம் தானே செய்யும் வேலையை இவர்கள் அறிவைக்கொண்டு செய்ய வேண்டும். காலையில் விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அல்லது புயத்தில் ஒட்டிய உணர்கருவி காட்டும் எண்ணைப் பார்க்க வேண்டும். உணவுக்கு முன் லிட்டருக்கு 4 முதல் 7 மில்லிமோல் வரை இருந்தால் நன்று. பிறகு, உண்ணப்போகும் உணவில் மாவுச்சத்து எவ்வளவு என்று மனக்கணக்குப் போட வேண்டும். இட்லிக்கு ஒரு கணக்கு. புராட்டாவுக்கு ஒரு கணக்கு. தேங்காய்ப்பால் கலந்த நாசி லெமாக்கிற்கு வேறொரு கணக்கு, ஏனெனில் கொழுப்பு மிகுந்த உணவு சர்க்கரையைத் தாமதமாக ஏற்றும். அதன்படி மருந்தைச் செலுத்த வேண்டும். மருந்து குறைந்தால் சர்க்கரை ஏறும், மிகுந்தால் இறங்கும். 4க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும். உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, அதற்கு ஈடான பழச்சாற்றையோ அருந்தி, கால் மணி நேரம் பொறுத்து மீண்டும் சோதிக்க வேண்டும். நமக்குத் தீங்கென்று சொல்லப்படும் சீனி அந்நேரத்தில் அவர்களுக்கு உயிர் மருந்து.

இவ்வாறு கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பது இறைவனிடம் நம்பிக்கை குறைந்ததைக் காட்டாதா என்று சிலர் கேட்பதுண்டு. தவக்குல் என்பதைத் தவறாக விளங்கிக்கொண்டதன் விளைவே இக்கேள்வி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும்படி நபிபெருமானார் (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் அறிவோம். அளந்து போடும் ஊசி, கட்டிய கயிறு. கட்டுவது நம் கடமை. காப்பது அவன் செயல்.

ஆயினும் இங்கே இன்னும் ஆழமான ஒரு கேள்வி எழுகின்றது. கயிற்றைச் சரியாகக் கட்டியும் ஒட்டகம் ஓடிவிட்டால் குற்றம் யாருடையது?

முதல் வகை நீரிழிவில் இது அன்றாட அனுபவம். நேற்று உண்ட அதே உணவு. செலுத்திய அதே மருந்து. ஆனால் நேற்று 6 காட்டிய கருவி இன்று 13 காட்டும். உறக்கம் குறைந்திருக்கலாம், காய்ச்சல் தொடங்கியிருக்கலாம், தேர்வைப் பற்றிய கவலையாக இருக்கலாம், வெயிலில் வைத்த மருந்து வீரியம் இழந்திருக்கலாம். காரணம் விளங்காமலே போவதும் உண்டு. ஆனால் பார்ப்போர் என்ன சொல்கின்றனர்? "என்ன தின்றாய்?" என்பதே முதற்கேள்வி. எண்ணைக் கண்டவுடன் தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். இதனால் பிள்ளைகள் சோதிக்க அஞ்சுகின்றனர்; சோதித்தாலும் பொய் எண்ணைச் சொல்லத் துணிகின்றனர். பொய் எண்ணை நம்பி மருந்தின் அளவை மாற்றினால் விளைவது பெருந்தீங்கு.

முயற்சி மனிதனுடையது, முடிவு இறைவனுடையது என்று நாம் மிம்பரிலும் மேடையிலும் பேசுகின்றோம். அந்தக் கொள்கைக்கு நடைமுறைச் சோதனை இந்தச் சிறு கருவியே. அது காட்டும் எண் தீர்ப்பன்று, திசைகாட்டி. மாலுமி திசைகாட்டியைப் பார்த்து வெட்கப்படுவதில்லை, சுக்கானைத் திருப்புகின்றான். இதனால் முயற்சி வீண் என்று பொருளன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1441 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1993இல் முடிவு வெளியான பெரும் ஆய்வில், கண்ணில் இதுவரை பாதிப்பு இல்லாதவர்கள் சர்க்கரையைக் கவனமாகக் கட்டுப்படுத்தியபோது, விழித்திரை நோய் தோன்றும் அபாயம் 76 விழுக்காடு குறைந்ததென்று தெரியவந்தது. ஒவ்வொரு நாளின் எண் நம் வசத்தில் இல்லை. பல்லாண்டு முயற்சிக்குப் பலன் உண்டு. பொறுமை என்பதன் பொருளும் இதுவன்றோ?

ரமலான் மாதத்தில் இந்தக் கேள்விகள் யாவும் கூர்மை பெறுகின்றன.

அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில், நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்திலேயே, நோயாளிக்கும் பயணிக்கும் இறைவன் சலுகை அளித்துள்ளான். நோற்க இயலாத நாட்களைப் பின்னர் களாச் செய்யலாம். என்றுமே இயலாதவர் ஏழைக்கு உணவளிக்கும் பித்யாவை நிறைவேற்றலாம். கடமையும் சலுகையும் ஒரே வாயிலிலிருந்து வந்தவை. ஒன்றை மதித்து மற்றொன்றை இழிவாகக் கருதுவது பக்தியாகாது.

ஆனால் நடப்பது என்ன? 13 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வின்படி, முதல் வகை நீரிழிவுடைய முஸ்லிம்களில் சுமார் 43 விழுக்காட்டினர் ரமலானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றனர். அவர்களிடையே சர்க்கரை மிகத் தாழ்ந்து மருத்துவமனையில் சேர நேர்ந்தது மற்ற மாதங்களைவிட ஏறத்தாழ 4.7 மடங்கு மிகுந்தது. வேறோர் ஆபத்தும் உண்டு. "உண்ணவில்லையே, ஊசி எதற்கு?" என்று எண்ணி இன்சுலினை அடியோடு நிறுத்துவோர் இருக்கின்றனர். உண்ணாவிடினும் உடலுக்கு அடிப்படை இன்சுலின் தேவை. அதை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே தீங்கு நேரும்.

சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2021இல் வெளியிட்ட ரமலான் வழிகாட்டியின்படி, சர்க்கரை 3.9க்குக் கீழே இறங்கினாலும் 16.6க்கு மேல் ஏறினாலும் நோன்பை உடனே முறித்துவிட வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. உணவாக அமையாத ஊசி மருந்தும் நோன்பை முறிக்காதென்று 1997ஆம் ஆண்டில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு சபை தீர்மானித்துள்ளது. ஆகவே, நோன்பாளி சோதிக்காமலிருக்க மார்க்கத்தைக் காரணம் காட்ட இயலாது.

இப்போது ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். மக்ரிபுக்கு இருபது நிமிடம் இருக்கின்றது. பள்ளிவாசலில் அனைவரும் கஞ்சிக் கோப்பையின் முன் அமர்ந்திருக்கின்றனர். அவன் கருவி 3.6 காட்டுகின்றது. "இன்னும் இருபது நிமிடந்தானே!" என்று உள்ளம் சொல்கின்றது. அந்தப் பொறுமை யாருக்காக? இறைவனுக்காக என்றால், அவனே வேண்டாமென்று விலக்கு அளித்துவிட்டான். பக்கத்தில் இருப்பவரின் பார்வைக்காக என்றால், அஃது எவ்வகை வணக்கம்? அந்நேரத்தில் சீனித் தண்ணீரை எடுத்து அருந்துவதற்கு வேண்டிய துணிவு, பசியைத் தாங்குவதற்கு வேண்டிய துணிவைவிடப் பெரிது.

அந்த இளைஞன் மீது மட்டும் பொறுப்பைச் சுமத்துவது நியாயமாகாது. அபூதாவூத் நூலில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம் ஏற்பட்டது. அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபிபெருமானார் (ஸல்) அவர்கள் இறந்தவரைக் குறை கூறவில்லை. சலுகையை மறுத்தவர்களையே கடுமையாகக் கண்டித்தார்கள். அவரைக் கொன்றது அவர்களே என்னும் அளவிற்குக் கண்டித்தார்கள். தெரியாவிடில் கேட்டறிந்திருக்க வேண்டாமா என்று வினவினார்கள்.

சகோதரர்களே, இந்நிகழ்ச்சியை நம் காலத்திற்குப் பொருத்திப் பாருங்கள். நோன்பில்லாத இளைஞனைப் பார்த்து, "பார்க்கத் திடமாகத்தானே இருக்கிறாய்!" என்று சொல்பவர் யார் இடத்தில் நிற்கின்றார்? அவருடைய சொல்லுக்குப் பயந்து ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால், கணக்கு யாரிடம் கேட்கப்படும்?

மருத்துவர் சோதித்து, தக்க ஏற்பாட்டுடன் நோற்கலாமென்று அனுமதித்தவர்களும் உண்டு. அவர்களைத் தடுப்பதும் நம் வேலையன்று. மருத்துவரும் ஆலிமும் சேர்ந்து வழிகாட்ட, நோயுடையவர் தீர்மானிக்க வேண்டிய விஷயம் அது. நம் வேலை வேறு.

அது யாதெனில், இந்நோயை ஒளித்துவைக்கும் நிலைமையை ஒழிப்பதாகும். திருமணப் பேச்சு தடைபடுமென்று மகளின் நோயை மறைக்கும் பெற்றோர் இருக்கின்றனர். விருந்து வீட்டில் கழிப்பறைக்குள் சென்று ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கின்றனர். மறைத்த நோயை எவரும் அறியார். அறியாதவர் உதவவும் இயலாது. சர்க்கரை தாழ்ந்து தடுமாறுபவனைப் போதையில் இருப்பவனென்று ஒதுக்கிச் செல்லும் அவலம் அதனால் நேரும். ஜமாஅத்தார் சில எளிய காரியங்களைச் செய்யலாம். பள்ளிவாசலிலும் மதரஸாவிலும் சீனியும் பழச்சாறும் எப்போதும் இருக்கட்டும். ஒருவர் நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், பக்கவாட்டில் படுக்கவைத்து, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணை அழைக்க ஓதும் பிள்ளைகளுக்கும் கற்பிக்கலாம். கந்தூரியில் ஒருவர் சோற்றை அளந்து உண்டால், "இன்னும் கொஞ்சம்!" என்று வற்புறுத்தாமல் விட்டுவிடலாம். ரமலானுக்கு முந்திய ஜும்ஆவில் சலுகையின் சட்டத்தை இமாம் அவர்கள் விளக்கினால், எத்தனையோ உள்ளங்களின் பாரம் இறங்கும்.

நோன்பு நோற்றவர் பகல் முழுவதும் தம்மைக் கண்காணிக்கின்றார். மாதம் முடிந்ததும் அக்கண்காணிப்பு தளர்ந்துவிடுகின்றது. முதல் வகை நீரிழிவுடையவருக்கோ ஆண்டின் எல்லா நாட்களும் கண்காணிப்பு நாட்களே. அமானிதத்தைக் காக்கும் கடமையை அவர் ஊசி முனையில் நிறைவேற்றுகின்றார். அவர் பகலில் அருந்தும் ஒரு குவளைச் சீனித் தண்ணீரும் அக்கடமையைச் சேர்ந்ததே என்பதை நாம் உணர்வோமாக. நோயுற்றோருக்கு ஆரோக்கியத்தையும், அவர்களைச் சுற்றியிருக்கும் நமக்கு அறிவையும் இரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.