'தோல்வி' என்னும் சொல்

கையால் செய்யும் இம்சையை நாம் எளிதில் காண்கிறோம்; சொல்லால் செய்யும் இம்சையை அவ்வளவு எளிதில் உணர்வதில்லை. புகழ் பெற்ற இளம்பெண்களைப் பற்றி ஏடுகள் எழுதும் மொழியில் அது மறைந்து நிற்கிறது.

குன்றாண்டார்கோவிலில் வாழும் நமக்குச் சாந்தி சௌந்தரராஜன் அயலார் அல்லர்; நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில், 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். சில நாள்களிலேயே, பாலினச் சோதனையைக் காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. வீராங்கனை என்று போற்றிய ஏடுகளே, 'சோதனையில் தோல்வி' என்று எழுதின. அவர் பெண்தானா என்னும் ஐயத்தையே செய்தியாக்கின.

பல்லாண்டுகள் விடைத்தாள் திருத்திய நாம் 'தோல்வி' என்பதன் பொருளை அறிவோம். அது முயற்சிக்கு உரிய சொல். படிக்க வேண்டியதைப் படியாதவர் தோற்பர். பிறந்த உடலை எவர் படித்துத் தேற முடியும்? அது ஊக்கமருந்துச் சோதனையும் அன்று. உடலின் இயல்பைப் பற்றிய மருத்துவ முடிவொன்று, அந்த ஒரு சொல்லால் ஒழுக்கக் குற்றம் போல் ஆயிற்று. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அல்ஜீரியக் குத்துச்சண்டை வீராங்கனை இமானே கெலிஃப் மீதும் அதே சொல் வீசப்பட்டது.

"நடந்ததைத்தானே எழுதினோம்?" என்பர். போட்டிக்கு விதிகள் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. விதியை ஆராய்வது வேறு. ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைச் சந்தியில் வைப்பது வேறு. நன்றல்லாததைச் சொல்வதே பொய் என்று தத்துவார்த்த சூத்திரத்தில் வரையறுத்தார் உமாஸ்வாமி முனிவர். உயிர்க்குத் துன்பம் தரும் சொல், உள்ளதைச் சொல்வதாயினும் நன்றன்று என அதற்கு உரை கண்டார் பூஜ்யபாதர். நடந்தது என்பதனால் மட்டும் ஒரு சொல் வாய்மை ஆகிவிடாது.

பதக்கம் இழந்த சாந்தி, ஒரு காலத்தில் சூளையில் கூலி வேலையும் செய்தார். பின்னர் முறையாகப் பயின்று தடகளப் பயிற்சியாளரானார். அவரை நாம் நினைக்க வேண்டிய பெயர் அதுவன்றோ?

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை வந்து சேரும் என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். எழுதியவர் செய்தவர், ஆவலோடு படித்துக் கைப்பேசியில் பிறர்க்கு அனுப்புவோர் உடன்பட்டவர். ஆதலின், சத்திய அணுவிரதம் ஏற்ற சாவகர், அவ்விரதத்தை நாவோடு நிறுத்தாமல் கண்ணுக்கும் விரலுக்கும் உரியதாகக் கொள்ளுதல் தகும்.