யார் தந்த பால், யார் தந்த சொல்?

சிவமயம்

(தாமுவே வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் வெள்ளிக்கிழமை வழிபாட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தீபாராதனை முடிந்துவிட்டது. சுண்டலும் தயாராகிவிட்டதென்று வாசனை சொல்கிறது. ஆகவே உங்களை அதிக நேரம் சோதிக்க மாட்டேன்.

சென்ற வாரம் ஓர் இளந்தாய் இடுப்பில் குழந்தையோடு சந்நிதிக்கு வந்தார். "ஐயா, பத்து மாதம் சுமந்தவள் நான். ராத்திரியெல்லாம் கண் விழிப்பவளும் நான். இவன் முதன்முதலில் வாய் திறந்து சொன்னதோ 'அப்பா' என்று. இது நியாயமா?" என்று பாதிச் சிரிப்பும் பாதி வருத்தமுமாகக் கேட்டார். பக்கத்தில் நின்ற கணவருக்கோ முகமெல்லாம் பல்! அன்று அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்று கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன்.

தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் இருக்கிறது. எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்பதைச் சொல்லும் பகுதி அது. பகரமும் மகரமும் இரண்டு இதழ்களும் பொருந்துவதால் பிறக்கின்றன என்கிறார் தொல்காப்பியர். பல் முளைக்க வேண்டாம், நாக்கு மடங்க வேண்டாம். பால் குடிக்கப் பழகிய உதடுகளே போதும். அதனால்தான் பச்சைக் குழந்தைக்கு 'மா'வும் 'பா'வும் எளிதாக வருகின்றன. ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியல் அறிஞர் 1960ஆம் ஆண்டு இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். வாய் மார்பில் இருக்கும்போது குழந்தையால் மூக்கு வழியாக முனகத்தான் முடியும். அந்த முனகலே 'ம' என்ற ஒலிக்கு வித்து என்பது அவர் சொன்ன விளக்கங்களில் ஒன்று.

உலகத்தைச் சுற்றிப் பாருங்கள். நமக்கு அம்மா, அப்பா. நாம் வாழும் இந்த மண்ணில் 'மே மே', 'பே பே'. ஜார்ஜிய மொழியிலோ 'மாமா' என்றால் தகப்பன்! நம் வீட்டில் 'மாமா' என்றால் சீர் கொண்டு வருகிறவர் அல்லவா? ஒலி ஒன்றுதான். அதை யாருக்குச் சூட்டுவது என்பதை ஒவ்வோர் ஊரும் தானே முடிவு செய்துகொண்டது. ஆகவே அம்மா, உங்கள் பிள்ளை தகப்பன் கட்சியில் சேர்ந்துவிடவில்லை. அவன் உதட்டைச் சேர்த்துப் பிரித்தான். தகப்பனார் ஓடி வந்து அள்ளிக்கொண்டார். அந்த ஓட்டம்தான் அந்த ஒலிக்குப் பொருளைத் தந்தது.

இதை ஔவையார் எப்போதோ சொல்லிவிட்டார். புறநானூற்றின் 92ஆம் பாட்டு. அதியமானைப் பார்த்துச் சொல்கிறார்: குழந்தையின் மழலை யாழிசைக்கு ஒப்பாகாது, காலத்தோடும் பொருந்தாது, பொருளும் விளங்காது. ஆனாலும் பெற்றவனுக்கு அதைக் கேட்டால் அருள் சுரக்கிறது. அதுபோலத்தான் என் சொல்லும் உன்னிடம் என்கிறார். பேச்சு நன்றாக இருப்பதால் அருள் வருவதில்லை, அருள் இருப்பதால் பேச்சு நன்றாகிவிடுகிறது. ஆண்டவன் சந்நிதியில் நம் பிரார்த்தனையும் இப்படித்தான். நாம் என்ன பெரிய இலக்கணத்தோடா வேண்டுகிறோம்?

இப்போது சீர்காழிக்குப் போவோம். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதில் நாம் விட்டுவிடுகிற ஓர் இடம் இருக்கிறது.

7ஆம் நூற்றாண்டு. சிவபாத இருதயர், பகவதியார் தம்பதியின் பிள்ளை. வயது மூன்று. தகப்பனார் நீராடப் போகிறார். பிள்ளையும் அழுது பிடிவாதம் பிடித்துக் கூடவே வருகிறது. கரையில் உட்கார வைத்துவிட்டு அவர் நீருக்குள் மூழ்குகிறார். அப்பாவைக் காணோம். குழந்தை தோணியப்பர் கோயில் சிகரத்தைப் பார்த்து 'அம்மே, அப்பா' என்று அழைத்து அழுகிறது. அம்மையும் அப்பனும் விடையேறி வருகிறார்கள். உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பாலைக் கறந்து ஊட்டுகிறாள்.

இதுவரை எல்லோரும் சொல்லுவோம். அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். தகப்பனார் கரையேறி வருகிறார். பிள்ளையின் கடைவாயில் பால் வழிகிறது. அவர் மகிழவில்லை, பதறுகிறார். "யார் கொடுத்த பாலைக் குடித்தாய்? எச்சிலாயிற்றே! கொடுத்தவரைக் காட்டு!" என்று ஒரு சிறு கோலை எடுத்து ஓங்குகிறார். சேக்கிழார் பெருமான் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். சிவபாத இருதயர் கெட்டவரா? இல்லை, ஆசாரம் தவறாத உத்தமர். பிள்ளை மேல் உள்ள கவலையால்தான் கோலை எடுத்தார். உத்தமனுக்கும் அந்த நேரத்தில் கை ஓங்கிவிடுகிறது.

பிள்ளை பயப்படவில்லை. விரலை உயர்த்திக் காட்டியது, பாடியது. முதல் திருமுறையின் முதற் பதிகம் அது. அந்தப் பதிகம் எங்கே தொடங்குகிறது? அம்மையின் காதில். இறைவனுக்கு எத்தனையோ அடையாளங்கள் இருக்க, அம்மை பாகத்துக் காதணியிலிருந்து பிள்ளை தொடங்குகிறது. ஏன்? அதன் அழுகையைக் கேட்டது அந்தக் காது! பேசுகிற வாய்க்கு முன்னால் கேட்கிற காது ஒன்று வேண்டும்.

அந்தப் பாட்டை உலகம் எப்படிப் போற்றி வைத்திருக்கிறது பாருங்கள். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குப் பணிக்காக மண்ணைத் தோண்டினார்கள். ஐம்பொன் சிலைகளோடு தேவாரம் பொறித்த 400க்கும் மேற்பட்ட செப்பேடுகள் கிடைத்தன. தகப்பன் கோல் ஓங்கிய அந்த வாயிலிருந்து வந்த தமிழ், செம்பில் வெட்டிக் காக்கப்பட்ட தமிழாயிற்று.

அடியார்களே, அந்தக் கோலை ஓங்கியவன் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் இப்போது உங்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறான்.

சில ஆண்டுகளுக்கு முன், என் பேத்திக்கு ஒரு வயது கடந்திருந்த சமயம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் கோயில் காரியமாக அலைவேன். பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் அடுத்த வீட்டுப் பர்மிய அம்மாள். ஒரு மாலை மருமகள் படியேறி வந்து கையை நீட்டினாள். குழந்தை அவளைப் பார்த்தது. உடனே அந்த அம்மாளின் பக்கம் திரும்பி, அவர் கன்னத்தைத் தொட்டு, தெளிவாக "மே மே" என்றது. அதுதான் முதல் சொல்.

மருமகள் நீட்டிய கை அப்படியே நின்றது. "மாமா, அவள் என்னைக் கூப்பிடலையே" என்று கண் கலங்கினாள். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ! "யார் சொல்லிக் கொடுத்தது இதை? தமிழ் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு 'அம்மா' என்று வராதா?" என்று குரலை உயர்த்தினேன். தமிழில்தான் சொன்னேன். ஆனால் கோபத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா? அந்த அம்மாள் குழந்தையை மெல்ல இறக்கிவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் வரவில்லை. குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து, சோறும் வேண்டாமென்று அடுத்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் இரவு பெரிய புராணத்தைப் பிரித்தேன். சிவபாத இருதயர் கோல் எடுக்கும் இடம் வந்தது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. 'யார் தந்த பால்' என்று அவர் கேட்டார். 'யார் தந்த சொல்' என்று நான் கேட்டேன். இரண்டும் ஒரே கேள்விதானே?

விடிந்ததும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அடுத்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாள் சொன்னதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். "தினமும் சாயங்காலம் அவளை வாசலில் தூக்கி வைத்துக்கொண்டு, 'மே மே வருகிறாள், பார்' என்று தெருவைக் காட்டுவேன். அன்றைக்கு அவள் என்னைக் கூப்பிடவில்லை ஐயா. அம்மா வந்துவிட்டாள் என்று எனக்குச் சொன்னாள்."

பார்த்தீர்களா? அந்தச் சொல் பெற்ற தாய்க்கு உரியதாகவே இருந்தது. தாயின் பெயரைக் குழந்தைக்கு ஊட்டியவர் மேல்தான் நான் கோல் ஓங்கியிருக்கிறேன்.

'அப்படியானால் தமிழைப் பற்றிய கவலை வேண்டாமா?' என்று பெரியவர்கள் கேட்பீர்கள். வேண்டும். கட்டாயம் வேண்டும். 1942இல் குண்டுக்குப் பயந்து கால்நடையாக இந்தியாவுக்குப் புறப்பட்டவர்களில் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1960களில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது ஆயிரமாயிரம் குடும்பங்கள் கப்பலேறின. தனியார் பள்ளிகளும் அரசு வசமாயின. அதற்குப் பிறகு இங்கே தங்கியவர்களுக்குத் தமிழ் மிஞ்சியது கோயிலிலும் அடுப்படியிலும்தான். அந்தப் பயம் நம் எலும்பில் இருக்கிறது. என் கோபமும் அங்கிருந்துதான் வந்தது.

ஆனால் நியாயமாகக் கணக்குப் பார்ப்போம். அந்த அம்மாள் நாள் முழுவதும் குழந்தையோடு பேசினார். நாங்கள் தமிழர் மூன்று பேர் என்ன பேசினோம்? மகன் கைபேசியைப் பார்ப்பான். மருமகள் களைத்து அடுப்படிக்குப் போவாள். நான் குழந்தைக்கு எதிரில் உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்ப்பேன். கொடுக்காத பாலைக் குழந்தை எப்படிக் குடிக்கும்? சொல்லாத சொல்லை எப்படித் திருப்பிச் சொல்லும்?

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அந்தியில் விளக்கேற்றும்போது பேத்தி என் மடியில் இருப்பாள். விளக்கு, பூ, மணி, திருநீறு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்வேன். அவள் ஏதாவது சொன்னால் நான் சும்மா இருந்து கேட்பேன். இரண்டு மாதத்தில் 'அம்மா' வந்தது. 'மே மே'யும் போகவில்லை. இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பவள் ஒரே தாய்தானே! இரண்டு மொழி கேட்டால் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நம்ப வேண்டாம். இரு மொழி கேட்பது பேச்சுக் குறைக்குக் காரணமில்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். வெளிநாடுகளில் வாழும் எல்லாக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் சொல்லே வராத பிள்ளைகளின் பெற்றோரும் இங்கே இருக்கலாம். அவர்கள் மனம் என்ன பாடுபடும்! ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபர சுவாமிகள் ஐந்து வயது வரை பேசவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிச் சென்று முருகன் சந்நிதியில் விரதம் இருந்தார்கள். அவனருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வரலாறு. அந்தப் பெற்றோரை நினையுங்கள். பிள்ளையை ஒளித்து வைக்கவில்லை. ஊராரின் பிள்ளையோடு ஒப்பிட்டு வையவில்லை. தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள்.

நாமும் புறப்பட வேண்டும். ஆனால் இந்தக் கதையைச் சொல்லி ஐந்து வயது வரை காத்திருக்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் வராத குழந்தை என்றால், நேர்த்திக்கடனை இன்றே முடிந்து வைத்துவிட்டு நாளையே மருத்துவரிடம் போங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். காதில் குறை இருந்தால் எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். வைத்தீஸ்வரன் கோயிலில் அவன் தகப்பனாரே வைத்தியநாதராகத்தான் வீற்றிருக்கிறார்! பேச்சு வராமலே போனாலும் அது அம்பாளின் பிள்ளைதான். விரல் நீட்டிக் காட்டுவதும் பேச்சே. சீர்காழிப் பிள்ளையும் பாடும்போது விரலைத்தானே நீட்டியது?

முடிக்கிறேன். வீட்டுக்குப் போய் ஒரு காரியம் செய்யுங்கள். பூசை அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். குழந்தையின் முதல் சொல், அது தமிழோ பர்மியமோ, அப்பாவோ அம்மாவோ, நாயைப் பார்த்துச் சொன்னதோ நிலாவைப் பார்த்துச் சொன்னதோ, தேதி போட்டு எழுதி வையுங்கள். யாருடைய மடியில் இருந்து சொன்னது என்பதையும் எழுதுங்கள். அந்த மடிக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் முதல் வரியில் 'மே மே' என்றுதான் இருக்கிறது. எழுதியது என் கைதான். பக்கத்தில் அடுத்த வீட்டு அம்மாளின் பெயரும் இருக்கிறது.

நம் குழந்தைகள் வாய் திறக்கும்போது, கோலை எடுக்காத கையையும் கேட்கத் தெரிந்த காதையும் அம்பாள் நமக்கு அருள்வாளாக.

திருச்சிற்றம்பலம்.