பதிலுக்கு நிற்கிறோமா?

ஒரு சின்னக் காரியத்தில் நான் உணர்த்தப்பட்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம், ஆராதனைக்குப் போகிற வழியில், ஒரு வயதான ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். "ஆச்சி, சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே சைக்கிளை மிதித்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை செயின் கழன்று அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று.

"வாராவாரம் கேக்குறீங்க தம்பி. பதில் சொல்றதுக்குள்ள போயிடுறீங்களே! ரெண்டு மாசமா ஒரு கண்ணு மங்கலா இருக்கு, யார்ட்ட சொல்ல?"

அந்த இரண்டு மாதத்தில் எத்தனை முறை சௌக்கியம் விசாரித்திருப்பேன்! நான் கேட்டது பொய்யல்ல. ஆனால் அதில் உண்மையும் இல்லை.

டாக்டர் பால் பிராண்ட் நினைவுக்கு வந்தார். 1914-ல் கொல்லிமலையில் மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். ஒரு குஷ்டரோகியின் தோளில் கைவைத்துச் சிகிச்சையை விளக்கினார். அந்த மனிதர் தேம்பி அழுதார். தான் ஏதும் தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று டாக்டர் பதறினார். காரணம் வேறு. பல வருஷமாய் அவரை யாருமே தொட்டதில்லையாம்!

இன்று மருந்தினால் குணமாகிற அந்த வியாதி, நரம்பைத் தாக்கி வலியை மறக்கடிக்கிறது. சூடான பாத்திரம் சுட்டாலும், காலில் முள் ஏறினாலும் தெரியாது. விரல்கள் தானாக உதிர்வதில்லை. கவனிக்காமல் விட்ட காயங்களே பெரும்பாலும் அவற்றைக் கெடுக்கின்றன. ஆகவே தினமும் கைகால்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும்படி நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

"உள்ளத்தில் அன்பு பொங்காதபோது விசாரிப்பது மாய்மாலம் அல்லவா?" என்று சிலர் கேட்பதுண்டு. நானும் அப்படி நினைத்தவன்தான். ஆனால் மரத்துப்போன கைக்கு உணர்வு வரட்டும் என்று காத்திருந்தால் கையே போய்விடும். உணராததைக் கண்ணால் பார்க்க வேண்டும். நம் இருதயமும் சில நாள் மரத்துத்தான் போகிறது. அன்று இல்லாத உணர்ச்சியை இருப்பதுபோல் காட்டுவதுதான் மாய்மாலம். உணர்ச்சி இல்லாவிட்டாலும் நின்று, முகம் பார்த்து, பதிலைக் கேட்பது உண்மையே.

மறுநாள் ஆச்சியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணில் புரை விழுந்திருந்தது, ஆபரேஷன் செய்தார்கள். இப்போது தூரத்திலேயே என்னைக் கண்டுபிடித்து, "தம்பி, நீங்க சௌக்கியமா?" என்கிறார்கள். பதிலுக்கும் காத்திருக்கிறார்கள்.

இந்த வாரம் நாம் யாரிடம் கேட்டுவிட்டு, நிற்காமல் போனோம்? சிந்திப்போமா?