மேடையில் ஒரு ஷூ

1968 அக்டோபர் 16 அன்று மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் எடுத்த அந்தப் புகைப்படம் பலருக்கும் தெரிந்ததுதான். இருநூறு மீட்டர் ஓட்டத்தை 19.83 வினாடியில் ஓடி உலக சாதனை செய்த டாமி ஸ்மித்தும், மூன்றாவதாக வந்த ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தித் தலை குனிந்து நிற்கிறார்கள். காலில் ஷூ இல்லை, கறுப்புக் காலுறை மட்டும். கறுப்பு மக்களின் வறுமைக்கு அது அடையாளம். படத்தை இடுப்போடு வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. முழுப் படத்தில் மேடைமேல் ஒரு ஷூ இருக்கிறது. பூமா ஷூ. ஸ்மித் கையோடு எடுத்துவந்து வைத்தது.

இந்த ஷூவை என்ன செய்வது?

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் அது விளம்பரம், விடுங்கள்" என்றார். இவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை. நாள் முழுக்க வங்கிக் கவுண்டரில் பிறர் பணத்தை எண்ணுகிறவனுக்குக் கறைபடாத பணம் என்பதில் நம்பிக்கை வருவது கஷ்டம்.

பவேரியாவில் ஹெர்ட்ஸோகன்ஔராக் என்றொரு சிற்றூர். அங்கே ருடால்ஃப், அடால்ஃப் என்ற டாஸ்லர் சகோதரர்கள் சேர்ந்து விளையாட்டு ஷூ செய்தார்கள். இருவரும் நாஜிக் கட்சி உறுப்பினர்கள். ஆனால் 1936இல் பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் அணிந்தது அவர்கள் ஷூவைத்தான். வியாபாரத்துக்கு அப்போதே இனபேதம் இல்லை! பிறகு சண்டை. 1948இல் அண்ணன் பிரிந்துபோய் பூமா ஆரம்பித்தார், தம்பியுடையது அடிடாஸ். ஊரில் எதிர்ப்பட்டவனிடம் பேசுமுன் அவன் காலைப் பார்ப்பார்களாம். குனிந்த கழுத்துகளின் ஊர் என்றே அதற்குப் பெயர் வந்தது.

இந்தப் பங்காளிச் சண்டை மெக்ஸிகோவுக்கும் வந்தது. அமெச்சூர் விதிப்படி ஓட்டக்காரன் ஷூவுக்காகக் காசு வாங்கக்கூடாது. கம்பெனிகள் ரகசியமாகக் கொடுத்தன, பலர் வாங்கினார்கள். விதியைக் காத்து நின்ற ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஏவரி பிரண்டேஜ், சிகாகோவில் கட்டடத் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர். அந்தத் தூய்மை பணம் உள்ளவர்களின் தூய்மை. ஸ்மித்தையும் கார்லோஸையும் அணியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பியதும் அதே தூய்மையின் பெயரால்தான்.

ஷூ இல்லாதவன் வெறுங்காலோடு நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இருக்கிற ஷூவைக் கழற்றும்போதுதான் அது ஒரு சொல்லாகிறது. கழற்றியது கண்ணில் பட வேண்டும். இப்படி ஒரு வாதம் செய்து பார்த்தேன். ஆனால் இது எனக்கே கொஞ்சம் அதிக அழகாகத் தெரிகிறது. அந்த ஷூ யாருடைய வறுமையையும் பேசவில்லை, தன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டும் உண்மை என்பதே தர்மசங்கடம். நம் பத்திரிகைகளின் பின்னட்டையில் வருகிற ஜவுளிக்கடை விளம்பரத்தைப் பற்றி நாம் பேசாமலிருப்பதும் இதனால்தானோ என்னவோ.

ஆயினும் ஒரு வித்தியாசம் உண்டு. 1968இல் எதிர்ப்பு மேடையில் நின்றது, ஷூ அதன் ஓரத்தில் இருந்தது. 2016இல் தேசியகீதத்தின்போது நிற்க மறுத்து மண்டியிட்ட காலின் கேப்பர்னிக்குக்கு அடுத்த ஆண்டிலிருந்து எந்த அணியிலும் இடமில்லை. 2018இல் நைக்கி அவர் முகத்தையே விளம்பரமாக்கியது. எல்லாவற்றையும் இழக்க நேர்ந்தாலும் ஒன்றை நம்பு என்பது அதன் சாரம். இப்போது இழப்பு நடுவில் நிற்கிறது, அதுவே சரக்கு. ஷூவைக் காட்டவேண்டிய அவசியம்கூட இல்லை. அவர் பணம் வாங்கியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த வாசகத்தை எழுதியவர் எதை இழந்தார் என்பதுதான் என் கேள்வி.

ஸ்மித்தும் கார்லோஸும் படித்த ஸான் ஹோசே கல்லூரி வளாகத்தில் 2005இல் அவர்களுக்குச் சிலை வைத்தார்கள். இரண்டாவதாக வந்து, ஆதரவாகச் சட்டையில் பட்டயம் குத்தி நின்ற ஆஸ்திரேலியரான பீட்டர் நார்மனின் இடம், அவர் விருப்பப்படியே காலியாக விடப்பட்டிருக்கிறது. வருகிறவர்கள் அதில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்த படங்களில் எல்லோர் காலிலும் ஷூ இருந்தது. சிலையில் அவ்விருவர் காலிலும் ஷூ இல்லை. ஆனால் சிற்பி அதை விட்டுவிடவில்லை. பக்கத்தில், நீல நிறத்தில், பூமா.